குழாய் உள்ளே இருக்கும்வரை

1

இந்தக் கதை, எனக்கு வந்திருக்கவே வேண்டாத ஒரு போன் அழைப்பில் பிறந்தது. கனவில் வந்தது, பேனா தானாக ஓடியது என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறோம். நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"எவங்களுக்கு?" என்றுதான் நியாயமாகக் கேட்டிருக்க வேண்டும். நான் "ரொம்ப நெருக்கம்" என்றேன். யாராக இருந்தால் என்ன, விஷயம் முதலில் என் காதுக்கு வரட்டும்.

கீழ்வீட்டு ரிப்பேர் தம்பியைப் பற்றிய விஷயம். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தெருப்பக்கம் அவருடைய செல்போன் ரிப்பேர் கடை, பின்பக்கம் வீடு. அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். தெருவில் அவளுக்கு வேன்காரி என்று பெயர். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, "அவசரத்துக்கு இன்னொரு நம்பர் இருக்கா?" என்று கேட்டார்கள். வேன்காரி வாயைத் திறப்பதற்குள் நான் என் நம்பரைச் சொல்லிவிட்டேன். கேட்டதால் சொன்னேன். கேட்காமலிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"அவர் கணையத்துல வெச்ச குழாயை எடுக்க வேண்டிய காலம் தாண்டிப்போச்சும்மா. அவர் போனை எடுக்கறதில்ல. அவங்க வீட்டம்மா நம்பருக்குப் போகவே மாட்டேங்குது. அதை உள்ளேயே விட்டுட்டா அடைச்சுக்கும். சீழ் பிடிக்கலாம். காய்ச்சல் வந்துட்டா அப்புறம் நிலைமை எங்க கையில இருக்காது. நீங்க சொல்லிடுவீங்களா?"

கத்தியைக் கீழே வைத்தேன். என்னிடம் 'சொல்லிடுவீங்களா' என்று கேட்ட முதல் மனுஷி அவள்தான். மற்றவர்களெல்லாம் 'சொல்லிடாதீங்க' என்றுதான் கேட்பார்கள்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றையும் உங்கள் முன்னால் போட்டுவிடுகிறேன். மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

முதல் தொடக்கம்: "அவருடைய அலறல் கட்டடத்தின் எல்லா மாடிகளையும்—"

பொய். அவர் அலறியதே இல்லை. அலறியிருந்தால்கூடப் பரவாயில்லை. வலி வந்தால் அவர் சத்தங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவார். ரேடியோவை அணைப்பார். மின்விசிறியை நிறுத்துவார். சொட்டுகிற தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடுவார். கீழே இருந்தவர்கள் திடீரென்று வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போனது போல இருக்கும். அந்த அமைதி தரை வழியாக மேலே ஏறி வரும். என்னை அறியாமல் நானும் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் வைப்பேன்.

இரண்டாம் தொடக்கம்: "கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் ஒரு—"

இது பரீட்சைக்குப் படித்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். சாப்பாட்டைச் செரிக்கவைக்கிற நீர் அங்கே சுரந்து, மெல்லிய பாதை ஒன்றின் வழியாகக் குடலுக்கு வருகிறதாம். அவருக்கு அந்தப் பாதையில் கல். நீர் போக வழியில்லாமல் பின்னால் தேங்கி முட்டும். ஒரு வாய் சாப்பாடு இறங்கினால் போதும், மேல்வயிற்றில் பிடித்து முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். வருஷக்கணக்காக இப்படித்தான்.*

மூன்றாம் தொடக்கம்: "அவர் எப்போதும் குனிந்தே இருப்பார்."

இது உண்மை. அவருடைய தொழில் அப்படி. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, எள்ளைவிடச் சின்னத் திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிற வேலை. ஆனால் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் அந்த வலியும் கொஞ்சம் இறங்கி வருமாம். அதனால் கடைக்கு வந்துபோகிற ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வேலைக்குக் குனிந்தது எது, வலிக்குக் குனிந்தது எது என்று பிரித்தறிய எனக்கே நாளாயிற்று. விரல்கள் அசைந்தால் வேலை. அசையாமல் இருந்தால்—

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பார்த்தேன். அந்த விரல்கள் கண்முன் வந்ததும் என்னால் முடியவில்லை.)

* இந்த நோய் குடியால் வந்தது என்று தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. சிலருக்குக் குடியாலும் வருமாம். ஆனால் அவர்கள் வீட்டுக் குப்பைப் பையை விடாமல் கவனித்துவருபவள் என்ற தகுதியில் சொல்கிறேன்: ஒரு புட்டி கிடையாது, மூடிகூடக் கிடையாது. ஏன் வந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. தெருவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

3

குழாய் வைப்பதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் போயிருந்தபோது, டாக்டர் ஒரு காகிதத்தில் வால் நீண்ட மீன் போல ஒன்றை வரைந்தார். அதுதான் கணையமாம். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து முதலில் கல்லை உடைப்பார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயைக் குடல்வரை இறக்குவார்கள். மீனின் வாய்க்குள் நுழைந்து, உடைந்த துண்டுகளை எடுத்துவிட்டு, பாதை மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு குட்டி பிளாஸ்டிக் குழாயை அங்கேயே வைத்துவிட்டு வருவார்கள். இவ்வளவையும் வயிற்றைக் கிழிக்காமல்.

"சார்ஜ் போடற ஓட்டையில தூசி அடைச்சுக்கற மாதிரி" என்றார் ரிப்பேர் தம்பி.

"அப்படியே வெச்சுக்கங்க. ஆனா நீங்க போனை ஆஃப் பண்ணிட்டு வேலை பாப்பீங்க. உங்களை நான் ஆஃப் பண்ண முடியாதே" என்றார் டாக்டர்.

சிரிக்க வேண்டிய இடம். ஒருவரும் சிரிக்கவில்லை.

"வலி சுத்தமா போயிடுமா டாக்டர்?" என்றார் தம்பி.

"நிறைய பேருக்குக் குறையுது. எல்லாருக்கும் போயிடும்னு எழுதிக்குடுக்க மாட்டேன். இதைச் செய்யறதாலயே சில பேருக்குக் கணையம் வீங்கி ரெண்டு மூணு நாள் படுத்தலாம். அதையும் சொல்லிடணும்ல? ஆனா ஒண்ணு, குழாயை உள்ளேயே மறந்துடக் கூடாது. வரச் சொன்னப்போ வரணும், வெறும் வயித்தோட. எடுத்துடுவோம். தேவைன்னா புதுசு மாத்துவோம்."

டாக்டர் இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னபோது வேன்காரி அறையில் இல்லை. யாரோ ஒரு பிள்ளையின் அம்மா கூப்பிட்டாள் என்று கதவுக்கு வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நானும் குறித்துவைத்திருந்தேன்.

அவரை உள்ளே கொண்டுபோன பிறகு நாங்கள் இருவரும் நடைபாதை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். லாரிக்காரனையே கண்ணாடியை இறக்கித் திட்டுகிறவள், எதிர்ச் சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்ததையே படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. திரும்பத் திரும்ப அந்த இரண்டே வார்த்தைகள்.

"அக்கா, ஏதாவது பேசு" என்றாள்.

"என்னத்தைப் பேச?"

"யாரையாவது பத்திப் பேசு. உனக்கா ஆள் கிடைக்காது?"

யோசித்துப் பார்த்தேன். தெரு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தர் முகமும் நினைவுக்கு வரவில்லை. பயம் வந்தால் எனக்கு வாய் கூடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய பயம் வந்தால் வாயே இருக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து சில நாளில் அவர் முதன்முதலாக வயிறு நிறையச் சாப்பிட்டார். முதல் வாயை விழுங்கிவிட்டு, தட்டின்மேல் கையை வைத்தபடி, வலி வருகிறதா என்று காத்திருந்தாராம். வரவில்லை. அடுத்த வாய். அதற்கும் வரவில்லை. "தட்டைக் கழுவவே வேண்டியிருக்கலக்கா" என்று வேன்காரி சொன்னாள். ரேடியோவைப் போட்டார். அணைக்கவே இல்லை.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். அந்தப் போன் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

4

வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்கு இறங்கினேன். வேன்காரி பள்ளிப் பிள்ளைகளை இறக்கப் போயிருந்த நேரம்.

"தம்பி, ஆஸ்பத்திரியில இருந்து போன்."

அவர் நிமிரவில்லை. "என்னக்கா ஆச்சு போனுக்கு? டிஸ்ப்ளே போயிடுச்சா?"

"என் போன் நல்லாத்தான் இருக்கு. உன் பொண்டாட்டி போன்தான் கெட்டுக்கிடக்குதாம். அங்கேயிருந்து அடிச்சா மணியே அடிக்க மாட்டேங்குதாம்."

திருப்புளி நின்றது. லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கெட்டுப்போகல. நான்தான் அந்த நம்பரை பிளாக் பண்ணி வெச்சேன்."

"ஏன்?"

"எங்க தொழில்ல முதல் பாடமே அதுதான்க்கா. ஓடுற செட்டைப் பிரிக்காதே. நல்லா ஓடிட்டிருக்கும், 'சும்மா சுத்தம் பண்ணிக் குடுங்க'ன்னு கொண்டுவருவாங்க. பிரிச்சு மூடினா ஓடாது. அப்புறம் தலைகீழா நின்னாலும் ஓடாது. கை வெச்சவன் தலையிலதான் விடியும்."

"நீ என்ன செல்போனா?"

"செல்போனா இருந்தா இவ்வளவு பயம் எதுக்கு? வேற ஒண்ணு வாங்கிட்டுப் போறேன்."

ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதையெல்லாம் சொன்னேன். அடைப்பு, சீழ், காய்ச்சல். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மழை வரும் என்று சொன்னால் ஆட்டுவோமே, அப்படி.

"தெரியும்க்கா. டாக்டர் சொன்னப்போ நானும் அங்கதானே இருந்தேன்?"

"தெரிஞ்சுமா?"

"முன்னாடி எனக்குப் பயமே இல்ல. வலி இருந்துச்சு, அவ்வளவுதான். இதுக்கு மேல என்ன வந்துடப்போகுதுன்னு வாயைத் திறந்து காட்டிட்டேன். இப்போ சாப்பிடறேன். மல்லாந்து படுக்கறேன். மல்லாந்து படுத்தா கூரை தெரியும்கிறதே எனக்கு மறந்துபோயிருந்துச்சு. நாளைக்கு அதை உருவிட்டு, மறுபடி ஆரம்பிச்சுதுன்னா?" குரலைத் தாழ்த்தினார். "நல்லா இருந்துட்டுத் திரும்பி அங்க போறதுக்கு எனக்குத் தெம்பு இல்லக்கா."

"அவகிட்ட என்ன சொன்னே?"

"உள்ளேயே கரைஞ்சுபோற குழாய்னு சொல்லியிருக்கேன். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. உங்களை நம்பறேன்."

என்னை நம்புகிறாராம்! எனக்குப் பயமே அப்போதுதான் வந்தது. ஒரு ரகசியத்தை என்னிடம் கொடுத்துவைக்கிற நிலைக்கு ஒரு மனுஷன் வந்துவிட்டான் என்றால் அவனுக்கு வேறு ஒரு வழியும் இல்லை என்று அர்த்தம்.

5

சொல்ல முடியாததால் எழுத உட்கார்ந்தேன். முடிவுகளாக எழுதிப் பார்த்தால் எது சரி என்று தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

முடிவு ஒன்று. அவர் போகிறார். குழாயை எடுக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறார். சாப்பிடுகிறார். ரேடியோ நிற்கிறது.

(இதை எழுதிவிட்டு, இந்த வயதில், குப்புற விழுந்து தரையில் காதை வைத்தேன். கீழே ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கத்தான் நாற்காலியின் காலைப் பிடிக்கவேண்டியிருந்தது.)

முடிவு இரண்டு. அவர் போகவில்லை. ஒரு மத்தியானம், வெயில் கொளுத்துகிறபோது, குளிர்கிறது என்கிறார். திருகாணி கையில் நிற்கவில்லை. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு அவள் வந்துசேர்வதற்குள்—

இதை முடிக்கவில்லை. காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போடப் போனேன். குப்பைப் பையை எப்படிப்பட்ட ஆட்கள் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அடுப்பில் வைத்து எரித்தேன்.

முடிவு மூன்று. போகிறார், எடுக்கிறார்கள், வலி வரவில்லை. இப்படியும் நடக்கும். ஆனால் எழுதும்போது கை கூசியது. எழுதினாலே கண் பட்டுவிடும் போல இருந்தது. மற்ற இரண்டையும்விட இதை எழுதத்தான் அதிகமாகப் பயந்தேன். ஏனென்று கேட்காதீர்கள். அவரைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

6

அப்புறம், வேன்காரி பாத்திரம். படிக்கிற நீங்கள் என்னைக் கேட்பீர்கள்: ஏம்மா, கட்டிய மனைவிக்கு ஒரு சந்தேகமும் வராதா? வேனின் பின்சீட்டில் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கியது என்பதைச் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்கிறவள், புருஷன் வயிற்றுக்குள் வைத்த குழாய் கரைந்துபோய்விடும் என்று சொன்னால் நம்பிவிடுவாளா?

நியாயமான கேள்வி. தாளின் மேல் ஓரத்தில் எழுதினேன்: 'வேன்காரி பாத்திரம் நம்பும்படி இல்லை. மாற்ற வேண்டும்.'

அன்று காலை வண்டியை நிறுத்திவிட்டு அவள் நேராக மேலே வந்தாள். வழக்கமாகத் தண்ணீர் கேட்பாள். கேட்கவில்லை. மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

"என்னக்கா எழுதற?"

"கதை."

"உன் கதையில வந்தா நான் குண்டாத்தான் வருவேன்." தாளை எடுத்தாள். பிடுங்கியிருக்கலாம். என் கை நகரவில்லை. மேல் ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். அதிலேயே நின்றாள்.

"ஏன் நம்பும்படி இல்ல?"

நான் பேனாவின் மூடியைத் தேடி மாட்டினேன்.

"அன்னைக்கு டாக்டர் ரூம்ல நான் வெளியில போன் பேசிட்டிருந்தேன், அதனால கேக்கலைன்னு எழுதியிருப்பே. கதவு இடுக்குல எல்லாம் கேட்டுச்சுக்கா. ஒட்டுக்கேக்கறது உனக்கு மட்டும்தான் வருமா?"

"அப்போ அந்த நம்பர்…"

"பிளாக் பண்ணின மறுநாளே பாத்துட்டேன். பிளாக்கை எடுத்துவிடலாம்னு விரல் பட்டன் வரைக்கும் போயிடுச்சு. அந்த நேரம் பாத்து குளியலறையில அவர் பாடினார். சுருதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கல்யாணமான நாள்ல இருந்து அவர் பாடி நான் கேட்டதில்லக்கா." தாளை மடித்தாள், பிரித்தாள். "விரலை எடுத்துட்டேன்."

ஆக, மூன்று பேரில் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான். அவர் அவளிடம் மறைத்தார். அவள் அவரிடம் மறைத்தாள். நடுவில் நான் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று காகிதத்தை எரித்துக்கொண்டிருந்தேன்.

"லாரியை மறிச்சு நிக்கறவ நீ. உனக்குமா பயம்?"

"பயந்தவதான்க்கா வேனை ஒழுங்கா ஓட்டுவா." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "நேத்து அவர் பாதித் தட்டுல எழுந்துட்டார். போதும்னார். போதும்னு சொல்ற ஆளா அவர், இப்போல்லாம்? ரேடியோவை அணைக்கல. சத்தத்தை மட்டும் குறைச்சு வெச்சார்."

தரை வழியாக ரேடியோ கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன்.

"இன்னைக்குக் காலையில அவருக்கு நான் எதுவும் குடுக்கல. தண்ணிகூட."

"சண்டையா?"

"வெறும் வயித்தோட வரணும்னு சொன்னாங்கல்ல?"

"அவர் ஏன்னு கேக்கலையா?"

"கேக்கல. வந்து உக்காந்தார். தட்டு வைக்கலைன்னு பாத்தார். எழுந்துபோய்க் கடையைத் திறந்துட்டார். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுக்கு நீ அடிச்சுக் கேளு, இன்னைக்கு வந்தா பாப்பாங்களான்னு. அப்புறம் என்கூடக் கீழ வா. ஒருத்தியா நின்னு சொல்ல எனக்குக் கால் வரல."

"நான் வந்தா, நான்தான் போட்டுக்குடுத்தேன்னு நினைப்பார்."

"நினைக்கட்டுமே. உனக்கு என்ன, புதுசாவா கெட்ட பேர் வரப்போகுது?"

ஆஸ்பத்திரிப் பெண், "உடனே கூட்டிட்டு வாங்கம்மா, டாக்டர் இருக்கார்" என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் அலட்சியமாகச் சொல்லியிருந்தால் தைரியமாக இருந்திருக்கும்.

7

(இந்தப் பகுதியை எங்கே உட்கார்ந்து, எப்போது எழுதினேன் என்று கேட்காதீர்கள். சொன்னால் முடிவைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

கடையில் அவர் வேலை செய்யவில்லை. முன்னால் ஒரு போன்கூட இல்லை. மேசையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேருமா வந்துட்டீங்க."

"வேன் வாசல்லதான் நிக்குது" என்றாள் அவள். வாயில் வந்தது அவ்வளவுதான். மேலே எவ்வளவோ ஒத்திகை பார்த்திருந்தாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்ச நாளா."

அவர் சிரித்தார். அல்லது 'சிரித்தார்' என்று நான் எழுதுகிறேன். முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தார். மேசை விளக்கை அணைத்தார். கடை வாசலுக்கு வந்து, வலது காலைச் செருப்பில் நுழைத்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"எடுத்தப்புறம் வந்துச்சுன்னா?"

"வந்தா மறுபடி வைப்பாங்க. மாத்துவாங்க. வேற ஏதாவது வைத்தியம் இருக்கும்" என்றாள்.

"அதுக்கப்புறமும் வந்துச்சுன்னா?"

அவள் வாசலில் நின்ற வேனைப் பார்த்தாள். வேன் சாவி கையிலிருந்து நழுவப் போய்ப் பிடித்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். யார் வீட்டு விவகாரத்துக்கும் என்னிடம் பதில் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். கேட்டவருக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

இடது கால் செருப்பு ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. நான் நினைத்தால் அடுத்த வரியில் அதை அவர் காலில் மாட்டிவிட முடியும். இல்லை, காலால் தள்ளிவிட்டு அவரை உள்ளே திரும்பிப் போகவைக்கவும் முடியும். இரண்டையும் செய்ய மாட்டேன். அது என் வயிறு இல்லை, அந்த வலியை ஒரு நாள்கூட நான் வாங்கியதில்லை.

இவ்வளவு தூரம் அடுத்த வீட்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள் இல்லையா? அப்படியானால் நீங்களும் என் ஜாதிதான். அவர் இப்போது என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் நிற்கிற உங்களைப் பார்க்கிறார். ஏதாவது சொல்லுங்கள். யோசித்து, நல்லதாக, பொய்யில்லாமல். சீக்கிரம் சொல்லுங்கள். மனுஷன் வெறும் வயிற்றோடு நிற்கிறார்.